நூற்றைம்பது ரூபாய் டார்ச்சைப் பிரித்த கதை

கோபிசெட்டிபாளையம் பக்கம் எங்கள் தோட்டத்துக்கு மும்முனைக் கரண்ட் பாதி நாள் ராத்திரியில்தான் வரும். மோட்டார் போட அப்பாரு (தாத்தா) எழுந்து போவார். வரப்பில் பாம்பு கிடக்கும், அதனால் டார்ச் இல்லாமல் ஓர் அடி எடுத்து வைக்கமாட்டார். சந்தையில் நூற்றைம்பது ரூபாய்க்கு வாங்கிய சார்ஜ் டார்ச் அது. பின்பக்கம் இரண்டு முள் வெளியே வருமே, அந்த ரகம். எட்டு மாதத்தில், கிணற்று மேட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் மங்கத் தொடங்கிவிட்டது.

"வீசிப்போட்டு வேற வாங்கிக்கலாங்க அப்பாரு" என்றேன்.

"ஏன் கண்ணு, இஞ்சினியருக்குத்தான படிச்சே? பிரிச்சுப் பாக்கறதுக்கென்ன?"

நான் படித்தது சிவில். அதை அவருக்கு விளக்கிச் சொல்லி இதுவரை யாரும் ஜெயித்ததில்லை.

மூன்று திருகாணி கண்ணுக்குத் தெரிந்தது. மூன்றையும் கழற்றியும் ஓடு அசையவில்லை. நெம்பினேன், ஓரத்தில் விரிசல் விட்டதுதான் மிச்சம். ஸ்டிக்கரை விரலால் தடவிப் பார்த்தபோது நடுவில் ஒரு பள்ளம் தட்டுப்பட்டது. நாலாவது திருகாணி அதற்கடியில் ஒளிந்திருந்தது. இப்போதெல்லாம் எதைப் பிரித்தாலும் முதலில் ஸ்டிக்கரைத்தான் தடவுகிறேன்.

உள்ளே பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு 4 வோல்ட் பேட்டரி, கட்டைவிரல் அளவுக்கு ஒரு சர்க்யூட் அட்டை, அதில் பழுப்பு நிறத்தில் ஒரு கெபாசிட்டர் (கரண்டைத் தேக்கி வைக்கும் பாகம்), நாலு டயோடு, இரண்டு மூன்று ரெசிஸ்டர். மீட்டரை வைத்தால் பேட்டரி 1.3 காட்டியது. சார்ஜ் ஏறுகிறதா பார்ப்போம் என்று, திறந்தபடியே பிளக்கில் செருகினேன். நாலு வோல்ட்தானே என்ற தைரியத்தில் பேட்டரி முனையில் ஒயர் நழுவாமல் இருக்க விரலால் அழுத்தினேன். தோள்பட்டை வரைக்கும் இழுத்தது. மீட்டர் கட்டிலுக்கு அடியில் போய் விழுந்தது. சமையலறையிலிருந்து அம்மா "என்னாச்சு சாமி?" என்று ஓடி வந்தார்கள். கை தவறிவிட்டது என்று சொல்லி வைத்தேன்.

அப்புறம்தான் விஷயம் புரிந்தது. இந்த மாதிரி டார்ச்சில் டிரான்ஸ்பார்மர் கிடையாது. அந்தக் கெபாசிட்டர் கரண்டின் அளவைக் குறைக்குமே தவிர, வீட்டு லைனிலிருந்து பேட்டரியைப் பிரித்து வைக்காது. இரண்டு முனைக்கும் நடுவில் மீட்டர் நாலுதான் காட்டும். ஆனால் செருப்பில்லாமல் தரையில் நிற்கிற ஆளுக்கு அந்த முனை 230 வோல்ட் லைன் மாதிரிதான். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெபாசிட்டரில் கொஞ்சம் மிச்சம் இருக்கலாம். திறந்து வைத்த டார்ச்சை யாரும் பிளக்கில் செருகாதீர்கள்.

கோளாறு பேட்டரியில்தான். ஈய அமில பேட்டரியைச் சார்ஜ் இறங்கிய நிலையில் மாதக்கணக்கில் போட்டுவைத்தால் தகட்டில் படிவு ஏறி, அப்புறம் சார்ஜையே பிடிக்காது. மழைக்காலம் முழுக்க மோட்டார் ஓடவில்லை, டார்ச் ஆணியில் தொங்கியது. புதுப் பேட்டரி எண்பது ரூபாய். சிவப்பும் கருப்பும் மாறாமல் பார்த்து ஈயம் வைத்தேன். முதல் தடவை உருண்டையாக நின்று உதிர்ந்தது. முனையைச் சுரண்டிவிட்டு ரோசின் (ஈயம் பிடிக்க வைக்கும் பிசின்) தொட்டு வைத்ததும் ஒட்டிக்கொண்டது. இப்போது ஒரு மணி நேரம் தாராளமாக எரிகிறது.

இப்படிப் பிரித்துப் பார்த்தவர்கள் இருந்தால் எழுதுங்கள். கெட்டுப்போன கதையானாலும் சரி.

*

திருப்பூரிலிருந்து எழுதுகிறேன். நமக்கு எல்.ஈ.டி. பல்ப். எங்கள் பனியன் கம்பெனியில் மாதம் நாலைந்து 9 வாட் பல்ப் குப்பைக்குப் போகும். மேல் மூடியைக் கத்தியால் நெம்பினால் கழன்றுவிடும். உள்ளே சின்னச் சின்ன மஞ்சள் சதுரங்கள் வரிசையாக இருக்கும், எல்லாம் சீரிஸ், அதாவது ஒன்றன் வழியாகத்தான் அடுத்ததற்குக் கரண்ட் போகும். ஒன்று போனால் அத்தனையும் அணைந்துவிடும். போனதன் நடுவில் மிளகு வைத்த மாதிரி ஒரு கரும்புள்ளி இருக்கும். அதைப் பெயர்த்துவிட்டு இரண்டு முனையையும் ஈயத்தால் இணைத்தால் பல்ப் எரியும்.

சொல்வதற்குச் சுலபம். அட்டை அலுமினியம் என்பதால், 25 வாட் சால்டரிங் அயர்னை வைத்தால் சூடு முழுக்க அட்டைக்குப் போய்விடும், ஈயம் உருகாது. நான் இஸ்திரிப் பெட்டியைக் கவிழ்த்து, மெதுவான சூட்டில் அட்டையை அதன்மேல் வைத்துக்கொண்டு ஈயம் வைக்கிறேன். (வீட்டில் திட்டு விழும்.) பதினொன்று பார்த்தேன், ஏழு எரிந்தது. ஏழில் மூன்று இரண்டே மாதத்தில் மறுபடியும் போனது. டிரைவர் (கரண்டை அளந்து கொடுக்கும் சர்க்யூட்) நல்லதாக இல்லாத பல்பில் ஒன்றைக் குறைத்தால் மீதி உள்ளவற்றுக்குப் பாரம் கூடுகிறது. ஒரு பல்பில் ஒன்றுக்கு மேல் போயிருந்தால் நான் தொடுவதே இல்லை. கரண்டில் இருக்கும்போது இந்த அட்டையையும் தொடக்கூடாது, டார்ச் கதையேதான்.

*

ஈரோடு. என்னுடையது ரொம்பச் சின்னது. அமுச்சி (அம்மாவின் அம்மா) வீட்டு டி.வி. ரிமோட்டில் சத்தம் கூட்டுகிற பட்டன் மட்டும் வேலை செய்யவில்லை. புது ரிமோட்டே வாங்கியாயிற்று. அதற்குள் தம்பி செல்போன் கேமராவை ரிமோட் முனைக்கு நேராகப் பிடித்துக்காட்டினான். நம் கண்ணுக்குத் தெரியாத இன்ஃப்ராரெட் ஒளி திரையில் ஊதாவாக மின்னியது, அந்த ஒரு பட்டனுக்கு மட்டும் மின்னவில்லை. சில போனில் பின்பக்கக் கேமரா காட்டாது, செல்ஃபி கேமராவில் பாருங்கள். பிரித்தால் ரப்பர் முழுக்க எண்ணெய்ப் பிசுக்கு. முறுக்கு தின்னுகிட்டே சீரியல் பார்த்தால் வேறென்ன? ரப்பரைச் சோப்புத் தண்ணீரில் கழுவிக் காயவைத்து மாட்டினேன். செலவு ஒன்றுமில்லை. புது ரிமோட் பீரோவில் தூங்குகிறது.

*

கோயமுத்தூர்க்காரன் என்றாலே நாமெல்லாம் ஜி.டி. நாயுடு என்று ஒரு நினைப்பு. அவர் மோட்டார் சைக்கிளையே கழற்றி மாட்டினாராம், நமக்கு அடாப்டராவது வராதா என்று இறங்கினேன். ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போனது, சால்டரிங் அயர்னும் மீட்டரும் வாங்கியதில் எழுநூறு ரூபாய் போனது, அடாப்டரும் போனது. புது அடாப்டர் இருநூறு. காசுக்காகச் செய்வதென்றால் இது கட்டவே கட்டாதுங்க.

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். உப்பிப்போன பவர் பேங்க்கைக் கையில் எடுத்துக்கொண்டு யூடியூப் பார்க்காதீர்கள். லித்தியம் பேட்டரியில் ஓட்டை விழுந்தால் தீப்பிடிக்கும். என் மச்சினனின் மேசையில் இன்னும் அந்தக் கருகல் வட்டம் இருக்கிறது.

*

மேலே அடாப்டர் போனது என்ற தம்பிக்கு. நான் பொள்ளாச்சியில் முப்பது வருஷம் டி.வி. மெக்கானிக். அந்த எழுநூறு ரூபாய் முதல் அடாப்டருக்கு மட்டும் கணக்கில்லை, இருபதாவதுக்கும் சேர்த்துத்தான். 12 வோல்ட் அடாப்டர் என்றால், பிரித்ததும் உருளை கெபாசிட்டர்களின் தலையைப் பாருங்கள். தட்டையாக இருக்க வேண்டியது பூரி மாதிரி உப்பியிருந்தால் அதுதான் ஆள். அதே மைக்ரோஃபாரட் (கெபாசிட்டரின் கொள்ளளவு), வோல்ட் மட்டும் அதே அளவோ ஒரு படி மேலோ, 105 டிகிரி என்று போட்டதாக வாங்குங்கள். மைனஸ் பக்கம் வெள்ளைக் கோடு இருக்கும், மாற்றி வைத்தால் வெடிக்கும்.

சரிசெய்ததை நேராகச் செருகவே கூடாது. 60 வாட் குண்டு பல்ப் ஒன்றைச் சீரிஸில் போட்டுச் செருகுங்கள். பல்ப் லேசாக மின்னி அணைந்தால் நல்லது, முழுசாக எரிந்தால் உள்ளே இன்னும் ஷார்ட் இருக்கிறது. எங்கள் பட்டறையில் இந்தப் பல்ப் இல்லாமல் எந்தப் பொருளும் கரண்டைப் பார்த்ததில்லை. சீலிங் ஃபேன் மெதுவாக ஓடினாலும் ஃபேனைக் கழற்றி எடைக்குப் போடாதீர்கள். பெரும்பாலும் 2.5 மைக்ரோஃபாரட் கண்டென்சர்தான் (கெபாசிட்டருக்கு இன்னொரு பேர்) தேய்ந்திருக்கும்.

*

டார்ச்காரன் மறுபடியும். சீரிஸ் பல்ப் ஒன்று பலகையில் அடித்து மாட்டிவிட்டேன், நன்றிங்க ஐயா. அப்பாருவிடம் டார்ச் எப்படி இருக்கிறது என்று கேட்டேன். "வெளிச்சம் பரவால்ல, பழைய கனம் இல்ல" என்றார். இதற்கிடையில் அவர் ஊரெல்லாம் சொல்லிவிட்டார் போல. நேற்றுப் பொழுதோட வடக்குத் தோட்டத்துப் பெரியப்பா வந்து மூன்று டார்ச், ஒரு கொசு பேட், தண்ணீரில் விழுந்த ரேடியோ ஒன்று எல்லாவற்றையும் சாக்கோடு திண்ணையில் வைத்துவிட்டு, "அவசரமில்ல கண்ணு, ஞாயித்துக்கிழமைக்குள்ள போதும்" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். கொசு பேட்டுக்குள்ளும் கெபாசிட்டர் இருக்குமே, அதிலுள்ள சார்ஜை எப்படி இறக்குவது என்று யாராவது சனிக்கிழமைக்குள் சொல்லுங்கள்.