போடியில் புதிய ஏலக்காய்க் கிடங்கு: திருட்டைத் தடுக்க முதலில் எதற்குச் செலவிடுவது?

போடி வியாபாரி:
அனைவருக்கும் வணக்கம். போடிநாயக்கனூரில் ஏலக்காய் வியாபாரம் செய்து வருகிறோம். இதுவரை கடைவீதியில் வாடகைக் கட்டடத்தில் சரக்கை வைத்திருந்தோம். இரவிலும் ஆள் நடமாட்டம் இருந்ததால் பெரிதாகக் கவலைப்பட்டதில்லை. இப்போது ஊருக்கு வெளியே, பின்புறம் தென்னந்தோப்பும் பக்கத்தில் காலி மனையும் உள்ள இடத்தில், 4,000 சதுர அடியில் சொந்தக் கிடங்கு கட்டி முடிக்கும் நிலையில் இருக்கிறோம். ஹாலோ பிளாக் சுவர், தகரக் கூரை, முன்புறம் இரண்டு ரோலிங் ஷட்டர்கள். கிலோ 2,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 50 கிலோ மூட்டை ஒன்று 1 லட்சம் ரூபாய். அதை ஒருவனே தோளில் தூக்கிப் போய்விடலாம். 16 கேமராக்கள் பொருத்த ஒரு நிறுவனம் விலைப்புள்ளி கொடுத்துள்ளது. அது போதுமா, அதற்கு முன் செய்ய வேண்டியவை உண்டா என்று அனுபவமுள்ளவர்கள் தெரிவிக்க வேண்டுகிறேன்.

பட்டறைக்காரர்:
ஐயா, கேமராவை இப்போதைக்குத் தள்ளி வையுங்கள். கட்டட வேலை முடிவதற்குள் செய்ய வேண்டியவை வேறு. பெரும்பாலோர் முன் ஷட்டருக்கு நான்கு பூட்டுப் போட்டுவிட்டுப் பின்சுவரை மறந்துவிடுகிறார்கள். ஹாலோ பிளாக்கின் உள்ளே வெற்றிடம் என்பதால், தோப்புப் பக்கம் நின்று ஒரு கடப்பாரையால் ஆள் நுழையும் அளவுக்கு ஓட்டை போட அதிக நேரம் ஆகாது. அந்தப் பக்கம் மட்டுமாவது ஆறடி உயரம் வரை உட்புறம் கம்பி வைத்து கான்கிரீட் சுவர் எழுப்பிவிடுங்கள். கூரைத் தகடுகளை இறுக்கும் திருகுகளின் தலை வெளியே இருப்பதால், சாதாரண ஸ்பானரைக் கொண்டே கழற்றிவிடலாம். ஆகவே தகட்டுக்கு அடியில், அதைத் தாங்கும் குறுக்குச் சட்டமான பர்லினோடு சேர்த்து வெல்ட் மெஷ் (பற்றவைத்த கம்பி வலை) அடிப்பது அவசியம். காற்றோட்டத்துக்கு விடும் திறப்புகளிலும் கம்பிகளைச் சுவருக்குள் பதித்துக் கட்டுங்கள், வெளியிலிருந்து திருகிப் பொருத்த வேண்டாம்.

ஷட்டரைப் பொறுத்தவரை, இரு ஓரங்களில் மட்டும் பூட்டு இருந்தால் நடுவில் ஜாக்கி வைத்துத் தகட்டை வளைத்துத் தூக்கிவிடுவார்கள். நடுவில் தரையோடு பிணைக்கும் பூட்டு ஒன்று வேண்டும். பூட்டின் வளையம் வெளியே தெரியாதபடி இரும்புப் பெட்டி ஒன்றை வெல்டிங் செய்து மூடிவிட்டால், ரம்பமோ கட்டரோ உள்ளே போகாது.

காப்பீட்டு மதிப்பீட்டாளர்:
மேலே சொன்னது அனைத்தும் சரி, ஆனால் கேமராவை அப்படித் தள்ளிவிட நான் உடன்படமாட்டேன். திருட்டு எப்படி, எந்த வழியாக நடந்தது என்பதை நிறுவப் பதிவு பெரிதும் உதவும். 16 தேவையில்லை, வாசல்கள், பின்சுவர், எடைமேடை ஆகியவற்றுக்கு ஆறு நல்ல கேமராக்கள் போதும். பதிவுக் கருவியை மேசைமேல் வைத்தால் திருடன் போகும்போது அதையும் கையோடு எடுத்துச் செல்வான். எனவே அதைப் பூட்டிய இரும்புப் பெட்டியில், மின்தடையைத் தாங்கும் யு.பி.எஸ்.ஸோடு வைத்து, பதிவின் ஒரு படி இணையம் வழியாக வேறிடத்திலும் சேமிக்கப்படுமாறு செய்யுங்கள்.

காப்பீட்டில் பலர் அறியாத ஒன்று உண்டு. வழக்கமான கொள்ளைக் காப்பீடு, பூட்டையோ சுவரையோ உடைத்து வலிந்து நுழைந்ததற்கான அடையாளம் இருந்தால்தான் இழப்பீடு தரும். சாவியை வைத்துத் திறந்து வேலையாள் எடுத்துச் சென்றால் அதில் ஒன்றும் கிடைக்காது. அதற்குப் பணியாளர் நேர்மைக் காப்பீடு தனியாக எடுக்க வேண்டும். அறுவடைக் காலத்தில் சரக்கு 2 கோடி ரூபாய்க்கு இருக்க, காப்பீடு 1 கோடிக்கு மட்டும் இருந்தால், 10 லட்ச ரூபாய் இழப்புக்கும் பாதிதான் வரும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

மலைச்சரக்கு:
வெளியிலிருந்து வரும் திருடனைப் பற்றியே பேசுகிறோம். ஏலக்காயில் உண்மையான நட்டம் தரம் பிரிக்கும் இடத்திலும் ஏற்றி இறக்கும் இடத்திலும்தான். இருப்பில் காய் ஈரம் இழந்து எடை குறைவது இயல்பு என்பதால், மூட்டைக்கு அரைக் கிலோ காணாமல் போனாலும் "காய்ச்சல் கழிவு" என்று கணக்கில் எழுதிவிடுவார்கள். ஒவ்வொரு மூட்டைக்கும் எண்ணிட்ட சீல் போட்டு, சீல் எண்ணையும் எடையையும் ஒருவர் எழுத, சாவி வேறொருவரிடம் இருக்கட்டும். சில மூட்டைகளைத் தொடாமல் வைத்து அவ்வப்போது எடைபோட்டால் இயல்பான கழிவு எவ்வளவு என்பது தெரிந்துவிடும். அதற்கு மேல் குறைந்தால் காரணம் கேளுங்கள்.

போடி வியாபாரி:
மிக்க நன்றி. பின்சுவருக்கும் கூரைக்கும் உரிய வேலையை மேஸ்திரியிடம் சொல்லிவிட்டேன். இரவுக் காவலரை உள்ளே வைத்து வெளியில் பூட்டிக்கொள்வதென எங்கள் கணக்கர் யோசனை கூறுகிறார். செய்யலாமா?

காப்பீட்டு மதிப்பீட்டாளர்:
கட்டாயம் கூடாது. சாக்கும் பாலித்தீனும் நிறைந்த இடத்தில் தீப்பிடித்தால் அவரால் வெளியே வர இயலாது. சுற்றுச்சுவருக்குள், கிடங்கை விட்டுத் தள்ளி, வாசலும் பின்பக்கமும் தெரியும்படி ஓர் அறை கட்டிக் கொடுங்கள். கிடங்குச் சாவி அவரிடம் இருக்க வேண்டியதில்லை. நிறுவனம் மூலம் ஆள் எடுப்பதானால், 2005-ஆம் ஆண்டின் தனியார் பாதுகாப்பு முகமைகள் ஒழுங்குமுறைச் சட்டப்படி உரிமம் பெற்றுள்ளதா என்று பார்த்து, அனுப்பப்படும் ஆளின் முன்வரலாறு சரிபார்க்கப்பட்டதற்கான சான்றையும் கேட்டு வாங்குங்கள். குடியேறும் முன் காவல் நிலையத்தில் மனு கொடுத்து, ரோந்து வரும் காவலர் கையெழுத்திடும் பட்டா புத்தகத்தை உங்கள் வாசலிலும் வைக்கும்படி கேளுங்கள்.