வாரச் சம்பளம், அறுபது நாள் பில்: திருப்பூர் ஜாப் ஒர்க் யூனிட் நடத்துறவங்க அனுபவப் பகிர்வு

பவர்டேபிள்காரர்

பவர்டேபிள்ல, அதாவது கம்பெனி வெட்டித் தர்ற துணியைக் கூலிக்குத் தைக்கற ஜாப் ஒர்க் யூனிட்ல, ரேட் பேசும்போது பீஸுக்கு எத்தனை ரூபாய்னுதான் எல்லாரும் பேசறோம். எத்தனை நாள்ல பணம் வரும்ங்கறது கடைசியில, டீ குடிச்சு எந்திரிக்கும்போது வர்ற பேச்சு. ஜாப் ஒர்க்ல லாபமும் நட்டமும் அங்கதானுங்க இருக்கு.

20 டைலர் உள்ள யூனிட்டை எடுத்துக்கலாம். எண்கள் கணக்குக்காகச் சொல்றது, அவங்கவங்க ரேட்டைப் போட்டுப் பாத்துக்குங்க. எட்டு மணி நேர ஷிப்ட்டுக்கு டைலருக்கு 550 வெச்சா 11,000. டைலருக்குக் கூடமாட நிக்கற கைமடி, ஹெல்பர் எட்டுப் பேருக்கு 400 வீதம் 3,200. சூப்பர்வைசர், மெக்கானிக் சேர்த்து 1,800. வாடகை, கரண்ட், ஊசி, ஆயில், ரெண்டு வேளை டீ எல்லாம் 2,000. ஆக நாளுக்கு 18,000.

20 பேர், 480 நிமிஷம், மொத்தம் 9,600 நிமிஷம். அதுல 60 சதம் வேலையாச்சுன்னா 5,760. அப்போ ஒரு நிமிஷத்துக்கு அடக்கம் 3 ரூபாய் 12 காசு. சாதா ரவுண்ட் நெக் டி-ஷர்ட்டுக்கு 7 நிமிஷம்னா 22 ரூபாய்க்குக் கொஞ்சம் கீழ. அதே லைன் 45 சதத்துல ஓடுனா அதே பீஸ் 29 ரூபாய் ஆகிடும். ரேட்டை ஏத்திக் கேக்கறதுக்கு முன்னாடி இந்த ஏழு ரூபாய் எங்க போகுதுன்னு பாக்கணும்.

அடுத்தது நாள் கணக்கு. சனிக்கிழமை சாயங்காலம் சம்பளம் நிக்கக்கூடாது. வாரத்துக்கு 1,08,000 வெளிய போகுது. பில் 60 நாள் கழிச்சு வருது, லாட், அதாவது ஒரு தடவை வர்ற சரக்கு, யூனிட்டுக்குள்ள ஓடுற நாளையும் சேர்த்தா பத்து வாரம். எப்பவும் 10 லட்சத்து 80 ஆயிரம் வெளிய நிக்குது. ரெண்டு வட்டிக்கு வாங்கி ஓட்டுனா மாசம் 21,600. அந்த மாசத்துல தைக்கிற பீஸ் சுமார் 21,400. பீஸுக்கு ஒரு ரூபாய் வட்டிக்கே போயிடுது. பேங்க் சி.சி. (கேஷ் கிரெடிட் கடன்) இருந்தா அதுல பாதி. ரெண்டு ரூபாய் மார்ஜின்ல ஓடுற யூனிட்டுக்கு இது சின்ன விஷயமில்லீங்க. 30 நாள்ல தர்றவர் 40 காசு குறைச்சுக் கேட்டாலும் அவர்கிட்ட தைக்கறதுல நட்டம் கிடையாது. 90 நாள் பார்ட்டி நாப்பது காசு ஏத்திக் குடுத்தாலும் கட்டுப்படியாகாது.

ஆடிட்டர் ஆபீஸ்

அண்ணா, அந்த 22 ரூபாயே தப்புங்க. 28 பேருக்கு மேல வேலை செய்யற இடம். பி.எஃப். 20 பேர்லயும் இ.எஸ்.ஐ. 10 பேர்லயும் வந்துடும். முதலாளி பங்கு பி.எஃப். 12 சதம், நிர்வாகக் கட்டணம், இ.டி.எல்.ஐ. இன்சூரன்ஸ் சேர்த்து 13. இ.எஸ்.ஐ. 3.25. போனஸ் குறைந்தபட்சம் 8.33. உங்க 16,000 சம்பளத்துக்கு இது ஏறக்குறைய 3,900. அப்போ நாள் செலவு 21,900, நிமிஷம் 3 ரூபாய் 80 காசு, பீஸ் 26 ரூபாய் 60 காசுக்கு மேல. தீபாவளிக்கு முந்தின வாரம் போனஸுக்குக் கடன் வாங்கற யூனிட் எல்லாம் இந்தச் செலவை ரேட்ல சேர்க்காத யூனிட்தான். மாசாமாசம் 8.33-ஐத் தனியா ஒரு ஆர்.டி.யில போட்டு வைக்கறது ஒண்ணுதான் எனக்குத் தெரிஞ்சு வேலை செய்யற வழி.

பணம் வர்ற நாளுக்குச் சட்டம் இருக்கு. 2006-ஆம் வருஷ எம்.எஸ்.எம்.இ. (குறு, சிறு, நடுத்தரத் தொழில்) சட்டப்படி எழுத்துல ஒப்பந்தம் இல்லேன்னா 15 நாள், இருந்தா அதிகபட்சம் 45 நாள். தாண்டினா ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப் போல மூணு மடங்கு வட்டி, மாசாமாசம் கூட்டு வட்டியா. ஒப்பந்தத்துல 90 நாள்னு ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டாலும் 45-க்கு மேல செல்லாது.

நாள் எப்போ ஆரம்பிக்குதுங்கறதுலதான் பல பேர் கோட்டை விடறாங்க. சரக்கு போய்ச் சேர்ந்த 15 நாளுக்குள்ள எழுத்துல ஆட்சேபம் வரலேன்னா, டெலிவரி ஆன தேதியே ஏத்துக்கிட்ட தேதி. அதனால சரக்கோட போற டெலிவரி சலான், அதாவது டி.சி.யில வாங்கறவர் கையெழுத்து, சீல், தேதி மூணும் வேணும். வாட்ச்மேன் கிறுக்கின கையெழுத்தோட தேதியில்லாத டி.சி. பின்னாடி எதுக்கும் உதவாது. வண்டி கிளம்பறதுக்கு முன்னாடி டிரைவரை விட்டு அதை போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்க.

டிரேடர், உள்நாட்டு பனியன்

சட்டம் பேசறீங்க, சரி. எங்க பக்கமும் பாருங்க. கொல்கத்தா, மும்பை பார்ட்டிக்கு சரக்குப் போட்டா 90 நாள், சில இடத்துல சீசன் முடிஞ்சு மிச்ச சரக்கு திரும்பி வரும். நூலுக்கு மில்காரர் கிரெடிட் தர்ற காலம் குறைஞ்சு போச்சு. சாயப்பட்டறைக்கு நாள் தள்ளினா அடுத்த லாட் உள்ள போகாது. எல்லாரும் கைநீட்டற வரிசையில கடைசி ஆள் தையல்காரர்தான், அதை ஒத்துக்கறேன். ஆனா நாங்க பணத்தை வெச்சுக்கிட்டுத் தராம இருக்கறோம்னு நினைக்காதீங்க.

வருமான வரிச் சட்டத்துல 43பி(எச்) பிரிவு வந்த பிறகு மார்ச் மாசம் கொஞ்சம் மாறியிருக்கு. சிறு, குறு யூனிட்டுக்குச் சட்டம் சொன்ன நாளுக்குள்ள தராம மார்ச் 31-ல நிக்கற தொகையை அந்த வருஷச் செலவா காட்ட முடியாது, எப்போ தர்றமோ அந்த வருஷம்தான். 2024 ஏப்ரல் 1-ல அமலுக்கு வந்துச்சு. அதனால மார்ச் கடைசி வாரம் எங்க அக்கவுண்டன்ட் விடற லிஸ்ட்ல உத்யம் (எம்.எஸ்.எம்.இ. பதிவு) நம்பர் உள்ளவங்க பேர்தான் முதல்ல இருக்கும். ஏப்ரல் முதல் டிசம்பர் வரைக்கும் அதனால பெருசா வித்தியாசம் இல்ல, உண்மையைச் சொல்லணும்ல.

ஆடிட்டர் ஆபீஸ்

அதையேதான் நானும் சொல்ல வந்தேன். பில்லிலயே உத்யம் நம்பர் அச்சடிங்க. மைக்ரோவா, ஸ்மாலான்னும் போடுங்க, மீடியத்துக்கும் வெறும் டிரேடிங் பண்றவருக்கும் அந்தப் பிரிவு பொருந்தாது. "உத்யத்தைக் கேன்சல் பண்ணிட்டு வாங்க, ஆர்டர் தர்றோம்"னு சொல்ற பார்ட்டி இருக்காங்க. அந்த ஆர்டரை விட்டுடறது நல்லது. 45 நாள்ல தர முடியாதுன்னு முன்கூட்டியே சொல்றாங்கன்னுதான் அதுக்கு அர்த்தம்.

அரசாங்கத்தோட எம்.எஸ்.எம்.இ. போர்ட்டல்ல புகார் போட்டா, பாக்கித் தகராறைத் தீர்க்கற வசதி கவுன்சிலுக்குப் போகும். தீர்ப்பை எதிர்த்து கோர்ட்டுக்குப் போகணும்னா எதிர்த்தரப்பு 75 சதத்தைக் கட்டிட்டுத்தான் போகணும். வலுவான ஆயுதம். ஆனா நாளைக்கும் வேலை தரப்போற கம்பெனி மேல யாரும் போட மாட்டாங்க, உறவு முறிஞ்ச பிறகுதான் அது. உறவு இருக்கறப்போ செய்ய வேண்டியது வேற: மூணு மாசத்துக்கு ஒருதரம் நிலுவையைப் போட்டு, இவ்வளவு பாக்கின்னு ஒத்துக்கற பேலன்ஸ் கன்ஃபர்மேஷன் வாங்கிக்குங்க. வழக்குக்குக் காலக்கெடு மூணு வருஷம். அதுக்குள்ள கடனை ஒத்துக்கிட்டுக் கையெழுத்துப் போட்ட கடிதம் கிடைச்சா அந்தத் தேதியில இருந்து மூணு வருஷம் புதுசா ஆரம்பிக்கும்.

இன்னொண்ணு, மிரட்டாம சொல்றதுக்கு வசதியானது. பில் தேதியில இருந்து 180 நாளுக்குள்ள உங்களுக்குப் பணம் தரலேன்னா உங்க பில்லுக்கு அவங்க எடுத்த ஜி.எஸ்.டி. இன்புட்டை (வரிக் கழிவை) வட்டியோட திருப்பணும். "சார், ஆறு மாசம் ஆகப்போகுது, உங்க இன்புட் போயிடும்"னு அவங்க அக்கவுண்டன்டுக்கு ஒரு மெயில் போட்டா, முதலாளிக்குப் பத்து போன் போட்டதைவிடச் சீக்கிரம் வேலை நடக்கும்.

லைன் சூப்பர்வைசர்

பணம் பேசியாச்சு, அந்த 60 சதம் எப்படி 45 ஆகுதுன்னு யாரும் பேசலியே.

முதல் காரணம் ஸ்டைல் மாத்தறது. 800 பீஸ் லாட்டும் 8,000 பீஸ் லாட்டும் ஒரே ரேட்டுக்கு எடுக்கறாங்க. புது ஸ்டைல் இறங்கற அன்னைக்கு மிஷின் செட்டிங், சாம்பிள் ஓகே, கை பழகறதுன்னு பாதி நாள் போயிடும். 8,000 பீஸ்ல அது பத்து நாள்ல கரைஞ்சிடும். 800 பீஸ்ல கரைய இடமே இல்ல. சின்ன லாட்டுக்கு ரேட்டைத் தனியாப் பேசுங்க.

ரெண்டாவது கீழ் மடிப்பு தைக்கற பேட்லாக் மிஷின். ஓரம் சேர்த்துத் தைக்கற ஓவர்லாக்ல ஷோல்டர், கழுத்து, கை, சைடு எல்லாம் ஓடிடும். கீழ் மடிப்பு வர்றப்போ ஒரே பேட்லாக் முன்னாடி பண்டல் மலை மாதிரி நிக்கும். அந்த டைலர் லீவு போட்டா லைனே படுத்துடும். ஓவர்லாக் டைலர் ஒருத்தருக்காவது பேட்லாக் பழக்கி வைங்க.

மூணாவது நீடில் கட், ஊசி துணியோட நூலை அறுக்கறது. டேமேஜுக்குன்னு கம்பெனி நம்ம பில்லுல பிடிக்கற டெபிட் நோட்ல அதிகமா பணம் போறது இதுலதான். மெல்லிசு சிங்கிள் ஜெர்சிக்கு 9-ஆம் நம்பர், இல்லேன்னா 11, அதுவும் பால் பாயின்ட் ஊசி. கனமான துணிக்கு வெச்ச 14-ஐ மாத்தாம அதே மிஷின்ல தைச்சா துணியோட நூல் அறும். தையல் போட்டவுடனே தெரியாது. துவைச்ச பிறகு ஓட்டை விழும். பாக்கறது சுலபம்: தைச்ச பீஸோட சைடு தையலை ரெண்டு கையிலயும் அகலவாக்குல இழுத்துப் பிடிச்சு டியூப் லைட்டுக்கு நேரா காட்டுங்க. தையல் ஓரமா புள்ளி புள்ளியா வெளிச்சம் வந்தா ஊசி மழுங்கியிருக்கு, இல்ல பெருசா இருக்கு. ஊசி புதுசா இருந்தும் வந்தா துணி வறண்டிருக்கு, சாயப்பட்டறையில சாஃப்ட்னர் பத்தல. அப்போ தைக்கறதை நிறுத்திட்டு கம்பெனிக்கு போட்டோவோட எழுதிடணும். எழுதாம 2,000 பீஸ் தைச்சுட்டா அது உங்க டேமேஜ்.

ஊசி சில ரூபாய்தான். ஷிப்ட்டுக்கு ஒண்ணு மாத்தினாலும் டெபிட்டுக்கு முன்னாடி அது செலவே இல்ல.

கட்டிங் பண்டல் இறங்கறப்போ எண்ணி, பண்டல் ஸ்டிக்கரை டி.சி.யோட ஒத்துப் பார்த்து, குறைச்சலை அன்னைக்கே வாட்ஸ்அப்ல போட்டுடுங்க. மூணாம் நாள் சொன்னா "உங்ககிட்டதான் காணாமப் போச்சு"ன்னு வரும். ஸ்டிக்கர் இல்லாத பண்டலை ஏத்துக்காதீங்க. முன்பக்கம் ஒரு லாட், கை இன்னொரு லாட்னு சேர்ந்துட்டா ஷேடு வித்தியாசம் வெயில்ல நல்லாத் தெரியும், அந்த டெபிட்டும் தையல்காரர் தலையிலதான்.

பவர்டேபிள்காரர்

கிளட்ச் மோட்டாரை சர்வோவா மாத்தறதையும் சேர்த்துக்குங்க. கிளட்ச் மோட்டார் டைலர் காலை எடுத்தாலும் சுத்திக்கிட்டேதான் இருக்கும், கரண்ட் போகும். சர்வோ மிதிச்சாத்தான் சுத்தும். பெரிய கம்பெனி எல்லாம் மாத்தியாச்சு, சின்ன யூனிட்லதான் இன்னும் அந்த உறுமல் கேக்குது.

ஆளுங்க விஷயம். இப்போ லைன்ல பாதி பேர் பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட். தீபாவளிக்கு நம்ம ஊர்க்காரங்க நாலஞ்சு நாள்ல திரும்பிடுவாங்க. பீகார் பசங்களுக்கு தீபாவளி முடிஞ்சு ஆறாம் நாள் சத் பூஜை, அதை முடிக்காம கிளம்ப மாட்டாங்க. அதோட ரெண்டு மூணு நாள் ரயில். ரயில் டிக்கெட் இப்போ 60 நாளைக்கு முன்னாடிதான் திறக்குது. அந்த வாரம் யார் யார் டிக்கெட் போடறாங்கன்னு கேட்டுக்கிட்டா நவம்பர் டெலிவரிக்கு எத்தனை மிஷின் ஓடும்னு செப்டம்பர்லயே தெரியும். 2023 மார்ச்ல வடமாநிலத் தொழிலாளர்களை இங்க அடிக்கறாங்கன்னு பொய் வீடியோ பரவினப்போ நிறையப் பேர் கிளம்பிட்டாங்க, ஹோலியும் சேர்ந்துக்கிச்சு. அவங்க மொழி பேசற ஒரு சூப்பர்வைசர் உள்ள இருந்த இடத்துல பயம் சீக்கிரம் அடங்குச்சு. சம்பளத்தை அவங்கவங்க அக்கவுண்ட்ல போடறது நல்லது. ஏஜென்ட் கையில மொத்தமாக் குடுத்தா அவர் என்ன பிடிக்கறார்னு நமக்குத் தெரியாது, பிரச்சினைன்னு வந்தா பதில் சொல்ல வேண்டியவர் யூனிட் முதலாளி.

டிரேடர், உள்நாட்டு பனியன்

அக்கவுண்ட்னு சொன்னதும் ஒண்ணு. முடக்கம். யாரோ எங்கயோ ஏமாத்தின பணம் நாலு கை மாறி நம்ம அக்கவுண்டுக்கு யு.பி.ஐ.யில வந்திருக்கும். வேற மாநில சைபர் போலீஸ் சொன்னாங்கன்னு பேங்க் நிறுத்திடும். கடைக்கு வந்து செகண்ட்ஸ் (லேசாக் குறையுள்ள) பீஸ் வாங்கிட்டு ஸ்கேன் பண்ணிட்டுப் போற ஆள் யாருன்னு நமக்கு என்ன தெரியும்?

ஆடிட்டர் ஆபீஸ்

அதனாலதான் கடை க்யூஆர் ஒரு அக்கவுண்ட்லயும் சம்பளம், ஜி.எஸ்.டி. கட்டற பணம் வேற பேங்க்லயும் இருக்கணும். க்யூஆர் அக்கவுண்ட்ல தினம் ராத்திரி மிச்சம் வைக்காம மாத்திடுங்க. முடங்கிட்டா பேங்க் மேனேஜர்கிட்ட எழுத்துல மூணு விவரம் கேளுங்க: சைபர் புகாரோட ஒப்புகை எண், எந்த ஸ்டேஷன், சிக்கலான தொகை எவ்வளவு. அந்த ஸ்டேஷன் அதிகாரிக்கு பில், டி.சி., அந்த மாச ஜி.எஸ்.டி. ரிட்டர்ன் நகலோட மெயில் போட்டு, சிக்கலான தொகையை மட்டும் நிறுத்திட்டு மீதியை விடச் சொல்லிக் கேளுங்க. 3,000 ரூபாய்க்காக மொத்த அக்கவுண்டும் நிக்கற நிலை இதுலதான் மாறும். மாறலேன்னா கோர்ட்ல மனு. போன்ல "செட்டில் பண்ணிக்கலாம்"னு யாராவது பணம் கேட்டா அது வேற ஏமாத்து, சைபர் குற்ற உதவி எண் 1930-க்குச் சொல்லிடுங்க. சில்லறைக்கு விக்கற செகண்ட்ஸ் பீஸுக்கும் பில் போடுங்க சார், மெயிலோட இணைக்க ஏதாவது வேணும்ல.