ஹார்லெம் சுரங்க ரயில் நிலையச் சித்திரங்கள்: எங்கே பார்க்கலாம்?

கேள்வி (வழிப்போக்கன்): அடுத்த மாதம் நியூயார்க் போகிறேன். அங்கே ஹார்லெம் பகுதியில் கறுப்பினத் தலைவர்களை, கலைஞர்களைக் கௌரவிக்கும் ஓவியங்கள் ரயில் நிலையங்களிலேயே இருக்கின்றனவாமே, எந்த நிலையத்தில் இறங்கணும்? அவசரமாக ஓடுகிற இடத்தில் யாராவது நின்று பார்ப்பார்களா?

ரயில்பிரியன்: 125ஆம் தெரு. அதே பெயரில் நாலு நிலையங்கள் உண்டு, அதனால் 2 அல்லது 3ஆம் எண் ரயிலில் போய் லெனாக்ஸ் அவென்யூவில் இறங்குங்க. ஓவியர் ஃபெய்த் ரிங்கோல்ட் 1996இல் செய்த கண்ணாடி மொசைக் (சின்னச் சின்னக் கண்ணாடித் துண்டுகளைப் பதித்த சித்திரம்) அங்கேதான். கறுப்பின உரிமைத் தலைவர் மால்கம் எக்ஸ், எழுத்தாளர் ஜோரா நீல் ஹர்ஸ்டன், குத்துச்சண்டை வீரர் சுகர் ரே ராபின்சன் எல்லாரும் ஹார்லெம் கட்டடங்களுக்கு மேலே பறந்துகொண்டிருப்பார்கள். ஒரு பிளாட்பாரத்தோடு திரும்பிவிடாதீங்க, எதிர்ப்பக்கம் இன்னொன்று இருக்கு.

தேன்மொழி: ரிங்கோல்ட் ஹார்லெமிலேயே 1930இல் பிறந்தவர், 2024இல் காலமானார். தன் ஊர்ப் பெரியவர்களைச் சிலையாக நிறுத்தாமல் பறக்கவிட்டதுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. நின்று பார்ப்பார்களா என்று கேட்டீங்களே, நிற்கவே வேண்டாம், தினமும் பள்ளிக்குப் போகிற பிள்ளை கண்ணில் அந்த முகங்கள் பட்டுக்கொண்டே இருக்கும், அருங்காட்சியகத்தில் அது நடக்காது, அங்கே டிக்கெட் வாங்குபவர்தானே வருவார்.

ரயில்பிரியன்: சரியாச் சொன்னீங்க. அப்புறம், அதே பாதையில் 135ஆம் தெருவில் வில்லி பிர்ச்சின் மொசைக், 110ஆம் தெருவில் மால்கம் எக்ஸின் வார்த்தைகளை வைத்தே மேரன் ஹாசிங்கர் செய்தது, இரண்டையும் விட்டுடாதீங்க.

வழிப்போக்கன்: மூன்றையும் குறித்துக்கொண்டேன், நன்றி!