டேப்லெட்டில் வரைந்ததை லினோவில் வெட்டினால் தட்டையாகிவிடுகிறது, என்ன செய்யலாம்?

மைக்கறை:
நுண்கலை மூன்றாம் ஆண்டு மாணவி. டிஜிட்டலில்தான் எனக்குக் கை ஓடும், இந்த வருடம் பிரிண்ட்மேக்கிங்கும் (அச்சுக்கலை) எடுத்திருக்கிறேன். இறுதித் தொகுப்புக்கு இரண்டையும் சேர்த்து ஒரு வரிசை செய்ய வேண்டும். டேப்லெட்டில் நிழல், சாயல் எல்லாம் போட்டு முழுதாக முடித்துவிட்டு, லினோவுக்கு (உளியால் செதுக்கி, மை தடவி அச்செடுக்கும் மென்மையான தகடு) மாற்றி வெட்டுகிறேன். கோடுகள் சரியாகவே விழுகின்றன, ஆனால் அச்சைப் பார்த்தால் திரையில் இருந்ததன் ஏழை நகல் மாதிரி இருக்கிறது. வகுப்பில் "இதற்கு எதற்கு வெட்ட வேண்டும், பிரிண்டரிலேயே போட்டிருக்கலாமே" என்றார்கள். என்னிடம் பதில் இல்லை. வலைத்துணி வழியே மையைத் தள்ளி அச்சடிக்கும் ஸ்க்ரீன் பிரிண்டுக்கு மாறிவிடலாமா?

உளிமுனை:
மாறுவதற்கு முன் ஒன்று யோசியுங்கள். திரையில் வழக்கமான 8 பிட் படத்தில் கறுப்பு முதல் வெள்ளை வரை மொத்தம் 256 படிகள் இருக்கின்றன, லினோவிலோ மை உண்டு அல்லது இல்லை, அவ்வளவுதான். நடுச்சாயல் வேண்டுமென்றால் அதை உளித்தடம்தான் தர வேண்டும்: கோட்டின் தடிமன், நெருக்கம், வெட்டும் திசை. நீங்கள் சாயலைத் திரையிலேயே முடித்துவிடுவதால் உளிக்கு வேலையே மிச்சமில்லை, பிறகு அது நகலாகத்தானே வரும்?

டேப்லெட்டில் பாதியில் நிறுத்துங்கள். எது கறுப்புத் திட்டு, எது வெள்ளை, எத்தனை வண்ணம், எந்த வரிசையில் என்பதை மட்டும் அங்கே முடிவு செய்யுங்கள். ஒளி ஊடுருவும் மை என்றால், வரையும் செயலியில் லேயரை மல்டிப்ளையில் (கீழ் வண்ணத்தோடு கலந்து காட்டும் முறை) வைத்தால் இரண்டு வண்ணம் மேலே மேலே விழுந்தால் ஏறக்குறைய எப்படி இருக்கும் என்று தெரிந்துவிடும். நடுச்சாயல் வரும் இடத்தைக் காலியாகவே விட்டு, அதை உளியோடு உட்கார்ந்து தீர்த்துக்கொள்ளுங்கள். அப்புறம், மாற்றும் முன் படத்தை இடவலமாகத் திருப்ப மறக்காதீர்கள், எழுத்து இருந்தால் முக்கியமாக.

வலைக்கண்:
ஸ்க்ரீன் பற்றிக் கேட்டதால் சொல்கிறேன். அங்கே ஹாஃப்டோன் புள்ளிகளால் (சிறிதும் பெரிதுமான புள்ளிகளாகப் படத்தை உடைப்பது) சாயல் கிடைக்கும், படத்தைத் திருப்பவும் வேண்டாம். ஒரு அங்குலத்துக்கு 45 வரி ஹாஃப்டோன் என்றால் மெஷ் (வலையில் ஓர் அங்குலத்துக்கு உள்ள இழைகள்) அதைப்போல 4, 5 மடங்காவது இருக்கட்டும், 230 வரை போகலாம். புள்ளியின் கோணம் வலை இழையோடு ஒத்துப்போனால் மோயரே என்னும் வேண்டாத அலைக்கோலம் வந்து எரிச்சலூட்டும், ஒற்றை வண்ணத்துக்கு 22.5 டிகிரி வைத்துப் பாருங்கள்.

ஆனால் வகுப்பில் கேட்ட கேள்வி அங்கேயும் பின்னாலேயே வரும். அமெரிக்க ஓவியர் ஆண்டி வார்ஹோல் 1962-இல் மர்லின் மன்றோ முகத்தை ஸ்க்ரீனில் அடித்தபோது மை அப்பியதையும் மங்கியதையும் அப்படியே விட்டார். பிரிண்டரில் போட்டால் கிடைக்காதது அதுதான்.

கட்டைவிரல்:
முழுதாக வரைந்துவிட்டு வெட்டுவது தப்பு என்பதை நான் ஏற்கமாட்டேன். ஜப்பானிய ஓவியர் ஹொக்குசாய் 1831 வாக்கில் வந்த அந்தப் பேரலைப் படத்துக்கு வரைந்ததோடு சரி, செதுக்கியவர் வேறு, அச்சடித்தவர் வேறு. ஆனால் வரையும்போதே அச்சு மரக்கட்டை எதைத் தாங்கும் என்று தெரிந்து வரைந்தார்கள். வானத்தில் மெல்ல மங்கும் சாயலைக்கூட யாரும் செதுக்கவில்லை, அச்சடிப்பவர் கட்டையின் மேல் மையைத் துடைத்துத் துடைத்து வரவழைத்தது, பொகாஷி என்பார்கள். லினோவில் ரோலரிலேயே இரண்டு மையை அருகருகே எடுத்து உருட்டினால் கிட்டத்தட்ட அந்தச் சாயல் கிடைக்கும்.

இன்னொரு வழி, திசையையே மாற்றுவது. முதலில் லினோவில் சும்மா தடங்களை அச்சடியுங்கள், 600 பிபிஐயில் (அங்குலத்துக்கு 600 பிக்சல்) ஸ்கேன் செய்து டேப்லெட்டில் அதன்மேல் வரையுங்கள், அதை பிக்மென்ட் மையில் (நீரில் கரையாத நிறத்துகள் கொண்டது) இங்க்ஜெட்டாக எடுத்து, மேலே மறுபடி எண்ணெய் மையில் லினோ. நீரில் கரையும் சாய மையான டை மை வேண்டாம், தாள் ஈரமானால் கசியும்.

உளிமுனை:
அப்படிச் செய்தால் விவரத்தில் "பிக்மென்ட் இங்க்ஜெட், லினோகட்" என்று இரண்டையும் போடுங்கள். வெறும் லினோகட் என்று எழுதி 4/15 (பதினைந்து பிரதிகளில் நான்காவது) என எண் போட்டால் விவரம் தெரிந்தவர் முகம் சுளிப்பார். எண் இடப்பக்கம், கையெழுத்து வலப்பக்கம், பென்சிலில்.

மைக்கறை:
ரோலர் சாயலை இந்த வாரமே பார்த்துவிடுகிறேன், ஸ்கேன் வழியும் பிடித்திருக்கிறது. இங்க்ஜெட் எடுத்த தாளின்மேல் உடனே லினோ அடிக்கலாமா?

கட்டைவிரல்:
ஒரு நாள் விடுங்கள். அதற்கு முன் ஓரத்தில் ஒரு துண்டில் அடித்துப் பாருங்கள், சில பளபளப்புத் தாள்களில் எண்ணெய் மை பிடிக்கவே பிடிக்காது.