பித்தளை உருக்கும் காஸ் உலை: சிலிண்டர் வியர்க்கிறது, பர்னருக்குள் ‘டப்’ என்கிறது

பாலையூற்றுப் பொடியன்:

வணக்கம். படகுக்குப் பூட்டும் பித்தளைச் சாமான்களும், யாராவது கேட்டால் சின்னக் குத்துவிளக்கும் வார்த்துக் கொடுக்கலாம் என்று, கையில் தூக்கிப் போகக்கூடிய காஸ் உலை ஒன்று வாங்கினேன். பாவித்த சாமான்தான். உலோகத்தை உருக்க ஆறு கிலோ பிடிக்கும் மூசைப் பாத்திரம், உட்சுவரில் சூடு தாங்கும் வெள்ளைப் பஞ்சு, பக்கத்தால் நுழையும் ஒரு பர்னர். வீட்டில் இருந்த 12.5 கிலோ சிலிண்டரைத்தான் பூட்டியிருக்கிறேன். ரெகுலேற்றர் விற்றவரே தந்தது, திருகிக் கூட்டிக் குறைக்கிற வகை.

மூட்டி அரை மணித்தியாலம் போனதும் சிலிண்டரின் கீழ்ப்பாதி வியர்த்துக் குளிர்ந்துபோகிறது. சுடரும் தளர்கிறது. அதற்குப் பிறகு காஸைக் குறைத்தால் பர்னர் குழாய்க்குள் ‘டப்’ என்று ஒரு சத்தம், தொடர்ந்து விசில் மாதிரி ஓர் இரைச்சல். குழாயில் கை வைக்க முடியாத சூடு. பின்வளவுக் கொட்டிலுக்குள் வைத்துத்தான் எரிக்கிறேன். கிடுகுக் கூரை, பின்பக்கம் கான் போகிறது. மாரி தொடங்க முன் வேலை பழகிவிட வேண்டும். சிலிண்டரைச் சரித்து வைத்தால் அழுத்தம் கூடும் என்று ஒருவர் சொன்னார். செய்யலாமா?

மட்டிக்களிவாசி:

சரிக்க வேண்டாம் தம்பி. அகன்ற சட்டியில் கொதிதண்ணீர் ஊற்றி சிலிண்டரை அதற்குள் இறக்குங்கள், சுடர் பழையபடி வரும். சாப்பாட்டுக் கடையொன்றில் அப்படிச் செய்ததைப் பார்த்திருக்கிறேன்.

பழைய வார்ப்புக்காரன்:

தம்பி, சரிக்கவும் வேண்டாம், கொதிதண்ணீரும் வேண்டாம். சரித்தால் வாயுவுக்குப் பதிலாகத் திரவமே குழாயில் இறங்கும், உலை வாயில் சுடர் ஆள் உயரத்துக்கு எழும்பும். கொதிதண்ணீர் சிலிண்டருக்குள் அழுத்தத்தைத் தாறுமாறாக ஏற்றிவிடும். மட்டிக்களித் தம்பி நல்ல மனதோடுதான் சொன்னார். ஆனால் தயவுசெய்து யாரும் அதைச் செய்து பார்க்காதீர்கள்.

வியர்ப்பது ஏன் என்று விளங்கினால் வழியும் தெரியும். உள்ளே இருப்பது திரவம். அது வாயுவாக மாறுவதற்கு வேண்டிய சூட்டைத் தன்னிடமிருந்தும் சிலிண்டரின் இரும்பிலிருந்தும் எடுக்கிறது. குசினி அடுப்பு கொஞ்சமாக இழுப்பதால் வெளிக்காற்றே அந்தச் சூட்டை ஈடுகட்டிவிடும். உலையின் இழுவைக்கு அது காணாது. இன்னொன்று, நம் சிலிண்டரில் இருப்பது தனிப் புரொப்பேன் அல்ல, பியூட்டேனும் கலந்தது. புரொப்பேன் மைனஸ் 42 பாகையிலேயே கொதிக்கும், பியூட்டேன் பூச்சியத்துக்குச் சற்றுக் கீழே. அதனால் புரொப்பேன் முந்திக் கூடுதலாகப் போய்விட, அடியில் மிஞ்சுவதில் பியூட்டேன்தான் அதிகம். சிலிண்டர் பாதிக்கு வந்த பிறகு உலை சோர்வது அதனால்தான். அந்த மிச்சக் காஸைக் குசினிக்குக் கொடுத்துவிடுங்கள், அங்கே நன்றாக எரியும். தொடர்ந்து வார்ப்பதென்றால் 37.5 கிலோ சிலிண்டர் எடுங்கள். இல்லையென்றால் இரண்டு 12.5 கிலோவை அதற்கென்று விற்கும் இணைப்புக் குழாயால் சேருங்கள். அவசரத்துக்கு, பேசினில் சாதாரணக் கிணற்றுத் தண்ணீர் நிரப்பி சிலிண்டரை நிமிர்த்தி வைத்தால் போதும். குளிர்ந்துபோன சிலிண்டரைவிட நம் ஊர்க் கிணற்றுத் தண்ணீர் எவ்வளவோ சூடு.

அந்த ‘டப்’ சத்தம்தான் எனக்குக் கவலை. சுடர் பர்னரின் வாயை விட்டுப் பின்வாங்கிக் குழாய்க்குள் எரிகிறது என்று அர்த்தம். காஸும் காற்றும் கலந்து வருகிற வேகம் குறைந்தால் நெருப்பு அதை முந்திக்கொண்டு உள்ளே வந்துவிடும். அந்தச் சத்தம் கேட்டதும் வேறு எதையும் தொடாமல் சிலிண்டர் வால்வைப் பூட்டுங்கள். குழாய் முழுக்க ஆறிய பிறகுதான் மறுபடி மூட்டலாம். உங்களுக்கு அழுத்தம் விழுந்தது ஒரு காரணம். இன்னொரு காரணமும் இருக்கலாம். இங்கே சும்மா கிடக்கிற எந்தக் குழாயிலும் குளவி மண்கூடு கட்டும். பர்னரைக் கழற்றி, வெயிலுக்குப் பிடித்து உள்ளே பாருங்கள். ஜெட், அதாவது காஸ் பீறி வரும் முனை, அதன் துளை ஊசிமுனை அளவுதான். அதை இரும்பு ஊசியால் குத்தினால் துளை பெருத்துவிடும். மின்வயருக்குள் இருக்கும் செப்பு நூல் ஒன்றை உருவி, அதை விட்டு எடுங்கள்.

சரி, இனிக் கொட்டில். உலையை அங்கிருந்து வெளியே எடுங்கள். கிடுகுக்குக் கீழே 1,000 பாகைக்கு மேல் போகிற நெருப்பை வைப்பதைப் பற்றி நான் விளக்க வேண்டியதில்லை. அதைவிட மோசம் அந்தக் கான். இந்த வாயு காற்றைவிடப் பாரம். புரொப்பேன் ஒன்றரை மடங்கு, பியூட்டேன் இரண்டு மடங்கு. கசிந்தால் மேலே போகாமல் தரையோடு ஊர்ந்து கானுக்குள் இறங்கிக் கிடக்கும். நீங்கள் நிற்கிற உயரத்தில் மணம்கூட வராது. திறந்த வளவில், கானுக்கும் கிணற்றுக்கும் எட்ட, சிலிண்டரை உலையிலிருந்து மூன்று மீற்றராவது தள்ளிக் காற்று வருகிற பக்கத்தில் நிமிர்த்தி வையுங்கள். கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் ஒரு பக்கத்துக்கு மட்டும் தகரம் மறைப்பாக நிற்கட்டும். நான்கு பக்கமும் அடைத்தால் காபன் மொனொக்சைட்டு தேங்கும், அதற்கு மணமே கிடையாது.

மூட்டும்போது மூடியைத் திறந்து, எரிகிற கடதாசியை உள்ளே போட்டு, அது எரிவதைக் கண்ணால் கண்ட பிறகே காஸை மெல்லத் திறக்க வேண்டும். காஸை முதலில் திறந்துவிட்டு லைட்டரைத் தேடினால் உலை வெடித்துத்தான் பற்றும். அணைக்கும்போது முதலில் சிலிண்டர் வால்வு. குழாயில் மிஞ்சியது எரிந்து முடியட்டும், அப்புறம் மற்றத் திருகுகள்.

2021 கடைசியில் இலங்கை முழுக்க காஸ் அடுப்பு வெடித்த செய்திகள் வந்தபோது எல்லா வீட்டிலும் சவர்க்காரத் தண்ணீர் பூசிப் பார்த்தார்கள். அந்தப் பழக்கத்தை விடாதீர்கள். ஒவ்வொரு முறை பூட்டும்போதும் வால்வு, ரெகுலேற்றர், குழாயின் இரண்டு முனை எல்லாவற்றிலும் பூசிப் பாருங்கள், குமிழி வந்தால் அன்றைக்கு வேலை இல்லை. நம் கடற்காற்று கிளிப்பைத்தான் முதலில் தின்னும். கிளிப்புக்குப் பக்கத்தில் குழாயை வளைத்துப் பாருங்கள், வெடிப்பு முதலில் அங்கேதான் தெரியும். குழாய் உயர் அழுத்தத்துக்கு என்றே செய்ததாக இருக்க வேண்டும். குசினிக் குழாய் இதற்கு ஆகாது.

உட்சுவர்ப் பஞ்சைப் பூச்சில்லாமல் எரிக்க வேண்டாம். அந்த நார் நெஞ்சுக்குள் போனால் கேடு. உலைக்கென்று விற்கும் சூடு தாங்கும் பூச்சைத் தடவிக் காயவிடுங்கள். பழைய பஞ்சைப் பிடுங்குவதென்றால் தூசி மாஸ்க் போட்டு, தண்ணீர் தெளித்து நனைத்த பிறகு பிடுங்குங்கள்.

இரவு டியூட்டி:

நான் ஆஸ்பத்திரியில் வேலை. உருகிய உலோகம் பட்டு வருகிறவர்களில் பலர் பற்பசை பூசிக்கொண்டுதான் வருகிறார்கள். வேண்டாம் அண்ணா. ஓடுகிற குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் பிடியுங்கள், ஐஸ் கூடாது. தோலில் ஒட்டிய துணியை இழுக்காதீர்கள். காயம் உள்ளங்கையைவிடப் பெரிது என்றால், அல்லது முகம், கண், மூட்டு என்றால் 1990 அம்புலன்ஸுக்கு அழையுங்கள். சாரமும் ரப்பர் செருப்புமாக உலைக்குக் கிட்டப் போகாதீர்கள். நைலோன் உடுப்பும் வேண்டாம், அது உருகித் தோலோடு ஒட்டும். பருத்தி நீளக் காற்சட்டை, தோல் சப்பாத்து, முகத்துக்கு மறைப்பு போடுங்கள். காற்சட்டை சப்பாத்துக்கு வெளியே தொங்க வேண்டும். உள்ளே செருகினால் சிந்தியது சப்பாத்துக்குள் இறங்கிவிடும்.

பாலையூற்றுப் பொடியன்:

ஐயா, பர்னரைக் கழற்றிப் பார்த்தேன். காற்றுத் துளைக்குள் பாதியை அடைத்தபடி மண்கூடு. எடுத்துவிட்டேன். உலையை வளவு நடுவுக்கு மாற்றியாயிற்று. கீழே சீமெந்துத் தரைதான், அதன்மேல் கடற்கரை மணல் கொட்டலாமா? போன முறை பித்தளையில் வெள்ளைப் புகை நிறைய வந்தது, அன்றிரவு குளிர்காய்ச்சலும் வந்தது. அதற்கும் இதற்கும் தொடர்பு இருக்குமா?

பழைய வார்ப்புக்காரன்:

இருக்கும் தம்பி. பித்தளையில் இருக்கும் நாகம் (துத்தநாகம்) 907 பாகையிலேயே கொதிக்கும். பித்தளை உருகுவதும் கிட்டத்தட்ட அந்தச் சூட்டில்தான். வெள்ளைப் புகை எரிந்த நாகம். அதைச் சுவாசித்தால் இரவில் குளிர்காய்ச்சல் வரும், பெரும்பாலும் ஓரிரு நாளில் விடும். பால் குடித்தால் சரி என்பார்கள். பால் அந்தப் புகையைத் தடுக்காது. மூச்சு முட்டினால் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். உருகியதும் சுடரைக் குறையுங்கள், மேலே கொஞ்சம் வெண்காரமும் கரித்தூளும் போட்டு மூடுங்கள், காற்றுக்கு முதுகு காட்டி நில்லுங்கள்.

கடற்கரை மணல் வேண்டாம். அதில் இருக்கும் உப்பு காற்றின் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். மகாவலி ஆற்று மணலைத் தகரத்தில் போட்டு வறுத்து, மூன்று விரல் ஆழத்துக்குப் பரப்புங்கள். வெறும் சீமெந்தில் உலோகம் சிந்தினால் உள்ளே இருக்கும் ஈரம் ஆவியாகித் தரை தெறிக்கும். தண்ணீர் ஆவியானால் ஆயிரத்து அறுநூறு மடங்குக்கு மேல் விரியும். ஒரு துளி ஈரம் மூசைக்குள் போனாலும் முழு மூசையும் முகத்துக்கு வரும்.

மாரியில் இதுதான் பெரிய பயம். மழை நாட்களில் மூசையை வீட்டுக்குள் உலர்வான இடத்தில் வையுங்கள். வெறும் மூசையைச் சின்னச் சுடரில் மெல்லச் சூடாக்கிய பிறகே பித்தளையைப் போடுங்கள். பழைய தண்ணீர்ப் பைப் திருகுகள்தான் உங்கள் சாமான் என்றால் ஒவ்வொன்றையும் அறுத்துத் திறந்து, உலை மூடியின் ஓரத்தில் வைத்துச் சூடாக்கி, இடுக்கியால் பிடித்து இறக்குங்கள். ஊற்றுகிற அச்சையும் இடுக்கியின் முனையையும் அதேபோலச் சூடாக்க வேண்டும். வானம் கருத்திருந்தால் அன்றைக்கு மூட்ட வேண்டாம். பக்கத்தில் ஒரு வாளி உலர்ந்த மணல் இருக்கட்டும், தண்ணீர் வாளி மூசைக்குக் கிட்டவே வரக் கூடாது. அந்த ரெகுலேற்றரில் அழுத்தமானி இருக்கிறதா? முள் எதில் நிற்கிறது என்று எழுதுங்கள், ஜெட்டின் அளவையும் சேர்த்து.