விசிறி ஓடுச்சா, இல்லையா? – டிடி 990 ஹெட்ஃபோனும் ஆறு மணி நேரமும்

அரசலாற்றங்கரை (கும்பகோணம்):
நேத்து இன்னொரு பேச்சுல மாயூரத்தான் எழுதினதைப் படிச்சதுலேர்ந்து மனசு அடங்கலை. அவர் எழுதினதை அப்படியே போடறேன்: "கத்திரி வெயில்ல மதியம் ரெண்டுலேர்ந்து ராத்திரி எட்டு வரைக்கும் பேயர்டைனமிக் டிடி 990 மாட்டியிருந்தேன். ஒரு சொட்டு வியர்க்கலை. நாகஸ்வரம் ராஜரத்தினம் பிள்ளை வாசிச்ச தோடி ராகத்துல, வாயில வச்சு ஊதுற சீவாளியில மூச்சு படுற சத்தம் வரைக்கும் கேட்டுது. சென்ஹைசர் எச்டி 600-ல இதெல்லாம் கேக்காது. அது தலையை இறுக்கியே கொன்னுடும்."

எச்டி 600 புதுசுல இறுக்கும். அதை நான் என்னைக்கும் மறைச்சதில்லை. காதுக் கிண்ணத்தைத் தாங்குற எஃகுக் கம்பியை வெளியில இழுத்து, ரெண்டு கையாலயும் மெதுவா விரிச்சு விட்டா சரியாப் போயிடும். என்னோடது அப்படித்தான் பதினோரு வருஷமா ஓடிட்டிருக்கு. 1997-ல வந்த மாடல். இறுக்கிக் கொல்ற சாமானை இத்தனை வருஷம் ஜனங்க வாங்கிட்டிருப்பாங்களா?

என் கேள்வி வேற. ரெண்டுமே ஓப்பன் பேக். அப்படின்னா கிண்ணத்துக்குப் பின்னாடி சுவர் கிடையாது, வெறும் வலை. அதனாலதான் பாட்டு மண்டைக்குள்ள அடைஞ்சு நிக்காம, திண்ணையில உக்காந்து கேக்கிற மாதிரி விரியுது. அதே வலை வழியா வீட்டுச் சத்தமும் உள்ள வரும். மே மாசம், மாயவரம், மதியம் ரெண்டு மணி. விசிறி ஓடியிருந்தா வியர்க்காது, ஆனா சீவாளி மூச்சு கேக்காது. விசிறியை நிறுத்தியிருந்தா மூச்சு கேட்டிருக்கலாம், ஆனா அந்த வெல்வெட் காது மெத்தையைப் பிழிஞ்சு ஒரு டம்ளர் ரொப்பியிருக்கலாம். ரெண்டுல ஒண்ணுதான் நடந்திருக்கும். விசிறி ஓடுச்சா, இல்லையா?

மாயூரத்தான்:
முதல்ல ஊர்ப் பேரை ஒழுங்கா எழுதுங்க. 1982-லயே மயிலாடுதுறைன்னு மாத்தியாச்சு. இப்ப தனி மாவட்டம். கும்பகோணத்துக்காரங்களுக்கு இன்னும் அது தெரியலை.

டிடி 990 எடை 250 கிராம், உங்களுது 260. மெத்தை நல்ல வட்டம், ஆழம். என் காது மடல் முழுசா உள்ள போய் உக்காருது, எங்கயும் படலை. உங்க நீள்வட்டத்துல பெரிய காதுக்காரனுக்கு மடல் மடங்கும். நான் வாங்கினப்ப விலையும் உங்களுதுல பாதிதான். ஆறு மணி நேரம் மாட்டியிருந்தேன்னு சொன்னேன். மாட்டியிருந்தேன். நான் எதுக்குப் பொய் சொல்லணும்?

அரசலாற்றங்கரை:
எடை கேக்கலை. விலை கேக்கலை. காது அளவு கேக்கலை. விசிறி.

மன்னைப்பையன்:
ஊர்ப் பேருக்குச் சண்டை போடுறவர் தன் பேரை மாயூரத்தான்னு வச்சிருக்காரே அண்ணே, அதை யாரும் கேக்கலையா?

நான் சொல்றது ஒண்ணுதான். ரெண்டு பேரும் உள்ள ஒலி எழுப்புற பழைய டைனமிக் டிரைவரைக் கட்டிக்கிட்டு அழறீங்க. 2018-லயே ஹைஃபைமேன் சுந்தாரா வந்தாச்சு. பிளேனார். மெல்லிய படலம் முழுசும் ஒரே நேரத்துல அசையும். மின்தடை 37 ஓம்ஸ்தான். தவில்ல தொப்பிங்கிற இடது பக்கம் குச்சி விழுறப்ப அந்த அடி எப்படி இறங்குதுன்னு அதுல கேட்டுட்டு வந்து பேசுங்க. எச்டி 600-ல அடி பேஸ், அதான் ஆழமான கீழ்ச் சத்தம், வழுக்கிப் போயிடும். சத்தத்தை அளந்து போட்டிருக்கிற எந்த வரைபடத்தைப் பார்த்தாலும் தெரியும்.

அரசலாற்றங்கரை:
தம்பி, சுந்தாரா 372 கிராம். என்னோடதைவிட 112 கிராம் கூட. ராத்திரி பத்து மணிக்கு ஆலாபனை ஆரம்பிச்சு பல்லவி முடியறதுக்குள்ள கழுத்து வலி எடுத்துடும். வசதியையும் சேர்த்துத்தான் பேசிக்கிட்டிருக்கோம்.

தொப்பி பத்தி எனக்கு நீங்க சொல்லித் தர வேண்டாம். எங்க சித்தப்பா தவில். பத்து வயசுலேர்ந்து பக்கத்துல உக்காந்து கேட்டவன் நான். எச்டி 600-ல அடியாழம் கொஞ்சம் குறைவுதான், ஒத்துக்கறேன். ஆனா வலந்தலையில கூடு போட்ட விரல் விழுறதும் தொப்பியில குச்சி விழுறதும் ஒண்ணுமேல ஒண்ணு ஏறாம தனித்தனியா நிக்கும். 300 ஓம்ஸ், ஃபோன்ல நேரா சொருகினா ஒண்ணும் வராது, சத்தத்தைப் பெருக்குற நல்ல ஆம்ப் வேணும். அது இல்லாம கேட்டுட்டுத்தான் முக்கால்வாசிப் பேர் குறை சொல்றாங்க.

மாயூரத்தான் இன்னும் பதில் சொல்லலை.

வெண்ணாறு (தஞ்சாவூர்):
நான் இதுல வரவே கூடாதுன்னு இருந்தேன். வசதி, கழுத்து வலின்னு இவர் எழுதறதைப் பார்த்துட்டு சும்மா இருக்க முடியலை. போன திருவையாறு ஆராதனைக்கு வந்தப்ப, "பத்து நாள் கேட்டுட்டுத் தரேன்"னு என் ஏகேஜி கே701-ஐ வாங்கிட்டுப் போனவர் இவர்தான். தை போயி சித்திரையும் முடியப் போவுது. சாமான் இன்னும் அரசலாற்றங்கரையிலதான் இருக்கு.

அதை வச்சுக்கிட்டே மாசி மாசம் இங்க எழுதினாரு, "கே701 தலைப்பட்டையில இருக்கிற புடைப்பு உச்சியில குத்துது, மனுஷன் மாட்டக்கூடிய சாமான் இல்லை"ன்னு. 235 கிராம்தான் அது. மெத்தை இவ்வளவு பெருசு. குத்துதுன்னா திருப்பிக் கொடுக்க வேண்டியதுதானே?

அரசலாற்றங்கரை:
வெண்ணாறு, உங்க சாமான் பீரோவுல பத்திரமா இருக்கு. ரெண்டு தடவை பஸ்ஸ்டாண்டு வரைக்கும் எடுத்துட்டு வந்தேன், நீங்கதான் வரலை. அதை இங்க எழுதியிருக்க வேண்டாம்.

புடைப்பு குத்துதுன்னு சொன்னது உண்மை. இப்பவும் சொல்றேன். தோல் பட்டைக்கு அடியில வரிசையா முடிச்சு முடிச்சா இருக்கு, ஒரு மணி நேரத்துல வழுக்கைத் தலையில தடம் விழுந்துடுது. சத்தம் விரியறதுல அதுக்கு நிகர் கிடையாதுன்னும் அதே பதிவுல எழுதியிருந்தேன். அதைச் சொல்லாம விட்டுட்டீங்க.

வெண்ணாறு:
ரெண்டு தடவை இல்லை, ஒரு தடவை. அன்னைக்கு எனக்கு மாமனார் காரியம். உங்களுக்குத் தெரியும்.

திருவாரூர்க்காரி:
ஆம்பளைங்க நாலு பேர் சேர்ந்தா வழுக்கைத் தலையிலயே நிக்கறீங்க. ஒலிப்பதிவைக் கேட்டுத் தட்டச்சு பண்றது என் வேலை. தினமும் ஆறேழு மணி நேரம் மாட்டித்தான் ஆகணும். எச்டி 560எஸ் வச்சிருக்கேன். 240 கிராம், 120 ஓம்ஸ், மடிக்கணினியிலயே ஓடும். எனக்குப் பிரச்சினை உச்சியில இல்லை, தோட்டுல. தொங்கட்டான் போட்டா மெத்தைக்குள்ள மாட்டிக்கும், திருகாணி காதுக்குப் பின்னாடி அழுத்தும். வேலை நேரத்துல சின்னத் தோடு மட்டும்தான். கொண்டை போட்டா பட்டை உக்காராது, பின்னல்தான். இதை எந்த விமர்சனத்துலயும் யாரும் எழுதறதில்லை.

வெளிச் சத்தம் உள்ள வர்றதைக் குறையாச் சொல்றீங்க. நான் அதுக்காகத்தான் ஓப்பன் பேக் வாங்கினேன். குக்கர் விசில் கேக்கணும், வாசல்ல கீரைக்காரம்மா கூப்பிட்டா கேக்கணும். மேல விசிறியைப் போடாம, டேபிள் ஃபேனைக் காலுக்கு வச்சுக்குங்க. பாதி சத்தம் குறையும். மெத்தை மேல ஈரிழைத் துண்டைக் கிழிச்சுச் சுத்திக்குங்க. தினம் துவைச்சுப் போடலாம்.

அரசலாற்றங்கரை:
சகோதரி, துண்டு சுத்தினா மெத்தை காதோட ஒட்டாது. அந்த இடுக்கு வழியா பேஸ் கசிஞ்சு போகும். பேச்சு கேக்கிறதுக்கு ஒத்து வரும், நாகஸ்வரத்துக்கு வராது. டேபிள் ஃபேன் யோசனையும் சரிதான். ஆனா மாயூரத்தான் டேபிள் ஃபேன்னு சொல்லலை, மேல விசிறின்னும் சொல்லலை. எதுவுமே சொல்லலை. மூணாவது தடவையா கேக்கறேன்.

மாயூரத்தான்:
சரி, கேட்டுக்குங்க. ஓடுச்சு. ரெகுலேட்டர் ரெண்டுல. போதுமா? ரெண்டுல வச்சா எங்க வீட்டு விசிறி சத்தமே போடாது. பழைய காலத்து நல்ல விசிறி.

அரசலாற்றங்கரை:
ஆக ஓடியிருக்கு. இதை ஒத்துக்க ரெண்டு நாள். ரெண்டுல வச்ச விசிறிக்குக் கத்திரி வெயில்ல வியர்க்காதுன்னா உங்க வீடு ஊட்டியில இருக்கணும்.

மன்னைப்பையன்:
மயிலாடுதுறையில மதியம் கரண்ட் போகலையா அண்ணே? எங்க ஊர்ல தினம் போவுது. சதுர அலை இன்வெர்ட்டர் வச்சிருக்கிற வீட்டுல கரண்ட் போன உடனே விசிறி ர்ர்ர்னு உறும ஆரம்பிக்கும். 100 ஹெர்ட்ஸ் பக்கம் வர்ற உறுமல் அது. ஓப்பன் பேக்ல தம்பூராவுக்கு அடியில இன்னொரு சுருதி மாதிரி நிக்கும். பிளேனாருக்கும் அதே கதிதான், மறைக்க மாட்டேன்.

மாயூரத்தான்:
எங்க வீட்டு இன்வெர்ட்டர் சைன் அலை. அதுவும் தெரியணுமா? மீட்டர் நம்பர் அனுப்பவா?

சீவாளி (நரசிங்கன்பேட்டைப் பக்கம்):
மூணு தலைமுறையா நாகஸ்வரம் வாசிக்கிற வீடு எங்களுது. விசிறியை விடுங்க. நீங்க எல்லாரும் "சீவாளியில மூச்சு படுற சத்தம்"னு எழுதறதுதான் எனக்குப் பொறுக்கலை. சீவாளி கொறுக்கைத் தட்டையில செய்யறது. உதட்டுக்கு நடுவுல பிடிச்சு ஊதறப்ப காத்து கசிஞ்சா அது வாசிப்புல குறை. ராஜரத்தினம் பிள்ளைக்கு மூச்சு கசியுதுன்னு எழுதறீங்களே, யாரைப் பத்திப் பேசறோம்னு தெரியுதா? அவர் சொல்லி எங்க ஊர் ரங்கநாதன் ஆசாரி ஆச்சா மரத்துல கடைஞ்ச பாரி நாயனத்தை, அந்த நீள நாகஸ்வரத்தைத்தான் இன்னைக்கு எல்லாரும் வாசிக்கிறோம். 2022-ல புவிசார் குறியீடே வாங்கியிருக்கு.

நீங்க கேட்டது துத்துகாரமா இருக்கலாம். நாக்கால ஸ்வரத்தை வெட்டிப் போடுறது. அது எந்த ஹெட்ஃபோன்லயும் கேக்கும். கோயில் பிரகாரத்துல நூறடி தள்ளி நின்னாலும் கேக்கும்.

அரசலாற்றங்கரை:
இதைத்தான் எதிர்பார்த்துக்கிட்டிருந்தேன். இன்னொண்ணும் சேர்த்துக்குங்க. டிடி 990-ல 8 கிலோஹெர்ட்ஸ் பக்கம், கீச்சுனு கேக்கிற மேல் சத்தத்தைத் தூக்கிக் காட்டுற ஒரு மேடு இருக்கு, எல்லாருக்கும் தெரிஞ்சது. பிள்ளைவாள் 1956-ல காலமாயிட்டார். அவரோட பதிவுகள்ல முக்கியமானதெல்லாம் 78 சுழற்சி இசைத்தட்டு. அதுல அந்த உயரத்துல இசையைவிட ஊசி உரசல்தான் அதிகம். அந்த உரசலை டிடி 990 தூக்கிக் காட்டியிருக்கு. அதைத்தான் இவர் மூச்சுன்னு நினைச்சு ஆறு மணி நேரம் கேட்டிருக்கார். எச்டி 600-ல கேக்கலைன்னா, அங்க இல்லாததை அது கூட்டிக் காட்டலைன்னு அர்த்தம்.

மாயூரத்தான்:
ஊசி உரசலுக்கும் மூச்சுக்கும் வித்தியாசம் தெரியாத காதா என்னுது? எங்க அப்பா காலத்து இசைத்தட்டு நாப்பது எங்க வீட்டுல இருக்கு. ஊசி மாத்திப் போட்டு வளர்ந்தவன் நான். நான் கேட்டது தட்டு இல்லை, ரேடியோ பதிவு. அதுல உரசல் கிடையாது.

அரசலாற்றங்கரை:
முதல்ல விசிறியைச் சொல்லலை. இப்ப ரேடியோ பதிவு. முதல் நாளே எழுதியிருக்கலாமே. அப்படியே இருந்தாலும் விசிறி ஓடிக்கிட்டுத்தானே இருந்துது?

திருவாரூர்க்காரி:
தோடு பத்தி நான் கேட்டதுக்கு ஒருத்தர்கூடப் பதில் சொல்லலை. கண்ணாடி போடறவங்களுக்கும் இதே பாடுதான். காதுக்குப் பின்னாடி காம்பு அழுத்தும். வெல்வெட் மாதிரி இருக்கிற வெலூர் துணி மெத்தையா, தோல் மெத்தையா, எது நம்ம ஊர் ஈரக் காத்துக்கு நிக்கும்? தோல் மாதிரி இருக்கிறது எனக்கு ரெண்டே வருஷத்துல உரிஞ்சு கன்னத்துல கறுப்பா ஒட்டுச்சு.

மன்னைப்பையன்:
வெலூர்தான் அக்கா. வியர்வையை உறிஞ்சும், ஆனா கழட்டி சோப்புத் தண்ணியில அலசி நிழல்ல காய வைக்கலாம். தோல் மாதிரி இருக்கிறதுல காத்து போகாது, நம்ம புழுக்கத்துக்கு உரிஞ்சுதான் போகும்.

வெண்ணாறு:
என் கே701 மெத்தையும் வெலூர்தான். இத்தனை மாசம் ஒருத்தர் வியர்வையில ஊறினதை அலசினாரான்னு தெரியலை.

அரசலாற்றங்கரை:
வெண்ணாறு, அதை நான் மொத்தம் நாலு மணி நேரம்கூட மாட்டலை. எழுதறதுக்கு ஒரு அளவு இருக்கு.

மாயூரத்தானுக்குக் கடைசியா ஒண்ணு. வர்ற ஞாயித்துக்கிழமை எங்க வீட்டு மாடிக்கு வாங்க. டிடி 990-ம் அந்த ரேடியோ பதிவும் எடுத்துட்டு வாங்க. ஒரே ஆம்ப்புல ரெண்டையும் போடுவோம். சீவாளி அவரும் வரட்டும், மூச்சா துத்துகாரமான்னு அவர் சொல்லட்டும். விசிறி ரெண்டுல ஓடும். ஆறு மணி நேரம் வேண்டாம், ஒரு மணி நேரம் வியர்க்காம உக்காருங்க பார்ப்போம்.

மாயூரத்தான்:
நான் எதுக்குக் கும்பகோணம் வரணும்? சந்தேகம் உங்களுக்கு. ரயில்ல ஒரு மணி நேரம்கூட ஆகாது, நீங்க வாங்க. எங்க விசிறி எங்க வீட்டுலதான் தொங்குது, அதைக் கழட்டியா எடுத்துட்டு வர முடியும்?

சீவாளி:
ஞாயித்துக்கிழமை முகூர்த்தம். எனக்கு வாசிப்பு இருக்கு.

வெண்ணாறு:
யார் வீட்டுக்கு யார் போனாலும் சரி, போறப்ப என் கே701-ஐ எடுத்துட்டுப் போயி பஸ்ஸ்டாண்டுல யார்கிட்டயாவது கொடுத்துடுங்க. நான் வந்து வாங்கிக்கறேன்.

அரசலாற்றங்கரை:
விசிறி ரெண்டுல ஓடுறதை வீடியோ எடுத்துப் போடுங்க மாயூரத்தான். ஒலியோட. அதுக்கு ரயில் ஏற வேண்டியதில்லை.