ஃபோட்டோபீரியட்: ஒளிக்காலமா, எற்பொழுதா, ஒளிநேரமா?

சென்னையிலிருந்து, தொடக்க மடல்

கலைச்சொல் குழுவினருக்கு வணக்கம்.

கொளத்தூரில் நீர்ச்செடி விற்கும் நண்பர் ஒருவர், நீருக்குள் செடி வளர்க்கும் கண்ணாடித் தொட்டி வாங்குபவர்களுக்குக் கொடுக்க ஒரு சிறு கையேடு தயாரிக்கிறார். தமிழாக்கம் என் பொறுப்பு. வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. எல்லாம் முடிந்து ஒரு சொல்லில் நிற்கிறேன்: ஃபோட்டோபீரியட். தொட்டி விளக்கு ஒரு நாளில் எவ்வளவு நேரம் எரிகிறது என்பதுதான் பொருள்.

சொல் வரும் இடங்கள் இவை. புதுத் தொட்டிக்கு முதல் சில வாரங்கள் 6 மணி நேரம் போதும். செடி வேர்பிடித்த பிறகு மெல்ல 8 வரை கூட்டலாம். பாசி படர்ந்தால் முதலில் குறைக்க வேண்டியது இதைத்தான். கரியமில வாயு செலுத்தும் தொட்டி என்றால், விளக்கு எரிய ஒரு மணி நேரமாவது முன்பே வாயுவைத் திறந்து, அணைவதற்குச் சற்று முன்னால் மூட வேண்டும்.

இப்போதைக்கு 'ஒளிக்காலம்' என்று போட்டிருக்கிறேன். படித்துப் பார்த்த கடைப்பையன், "வெயில் காலமா அண்ணா?" என்று கேட்டான். உதவுங்கள்.

திருச்சியிலிருந்து

தம்பி, ஒளிக்காலத்தை மாற்ற வேண்டாம். பகல், இரவு நீளத்துக்கேற்பச் செடி பூப்பதற்கு மேல்நிலைத் தாவரவியலில் 'ஒளிக்காலத்துவம்' என்ற சொல் பல ஆண்டுகளாகப் புழங்குகிறது. 1920இல் கார்னர், அல்லார்டு என்ற ஆய்வாளர்கள் மேரிலாந்து மாமத் என்னும் புகையிலை வகையை வைத்து, பகல் நீளம் குறைந்தால்தான் அது பூக்கிறது என்று காட்டினார்கள். அந்தப் பாடத்தை ஒவ்வோர் ஆண்டும் நடத்துகிறேன். பாடநூலில் ஒரு சொல், கடைக் கையேட்டில் வேறொரு சொல் என்றால் மாணவன் எதைப் பிடிப்பான்? கடைப்பையனுக்குப் புரியவில்லை என்றால் ஒரு வரி விளக்கம் சேருங்கள்.

கோவையிலிருந்து

அம்மா சொல்வதை மதிக்கிறேன், ஆனால் இங்கே பொருளே வேறு. பாடநூல் பேசுவது பூத்தல். அதிலும் 1938இல் ஹாம்னரும் பானரும் மருளூமத்தைச் செடியை ஆராய்ந்தபோது, கணக்கில் வருவது பகல் இல்லை, இடையறாத இரவுதான் என்று தெரிந்தது. நீண்ட இரவின் நடுவே சற்று நேரம் விளக்கைக் காட்டினாலே அந்தச் செடி பூப்பதில்லை.

தொட்டி வைத்திருப்பவர் பூவுக்காக டைமர் வாங்குவதில்லை. ஜாவா பெரணியும் ஜாவா மோஸும் பூக்கும் இனமே இல்லை. அவர் கணக்கிடுவது ஒளிச்சேர்க்கைக்கு எவ்வளவு வெளிச்சம் என்பதை. கரியமில வாயுவும் உரமும் போதாத தொட்டியில் வெளிச்சத்தை மட்டும் நீட்டினால், செடிக்குப் பயன்படாத மிச்சத்தைப் பாசி எடுத்துக்கொள்ளும். "சென்னையில் பகல் ஏறத்தாழ 12 மணி நேரம், தொட்டிக்கும் அதையே கொடுக்கலாமே" என்று பலர் கேட்கிறார்கள். சூரியன் காலையில் மெல்ல ஏறி மாலையில் மெல்ல இறங்குகிறது. சாதாரண எல்இடி விளக்கோ போட்ட நொடியிலேயே முழு வீச்சில் எரிகிறது. அதனால்தான் 8 மணி நேரமே பெரும்பாலான தொட்டிகளுக்குப் போதும்.

இந்த அளவுக்கு ஒரு பெயர் வேண்டும். 'காலம்' பருவத்தைத்தான் நினைவூட்டுகிறது.

மதுரையிலிருந்து

அன்பர்களே, பருவத்தையும் நாளின் பகுதியையும் பிரித்துப் பேச நம்மிடம் சொல் இல்லையா? "முதல் எனப்படுவது நிலம்பொழுது இரண்டின் இயல்பு" என்கிறது தொல்காப்பியம். பெரும்பொழுது ஆண்டைப் பிரிப்பது, சிறுபொழுது நாளைப் பிரிப்பது. ஆகவே நமக்கு வேண்டியது பொழுது.

ஒளிக்கும் பழஞ்சொல் இருக்கிறது. "எல்லே இலக்கம்" என்பது தொல்காப்பிய இடையியல் நூற்பா; இலக்கம் என்றால் இங்கே ஒளிர்தல். எல் என்றால் ஒளி, பகல், சூரியன். எல் படுவது எற்பாடு, நெய்தலின் சிறுபொழுது. அதே புணர்ச்சியில் எல் + பொழுது = எற்பொழுது. ல் திரிந்து ற் ஆவது முறையான இலக்கணம். எல்லை என்ற சொல்லுக்கும் பகல் என்ற பொருள் உண்டு. பகலின் முடிவே வரம்பு என்னும் பொருளுக்கு வழிவிட்டிருக்கும் என்பது என் கருத்து. தொட்டியில் வெளிச்சத்துக்கு எல்லை கட்டுவதைத்தானே நீங்கள் பேசுகிறீர்கள்? சொல் தானாக வந்து பொருந்துகிறது.

சென்னையிலிருந்து

ஐயா, அழகான சொல். ஆனால் கடையில் வாங்கிப் படிப்பவர் அதை 'எப்பொழுது' என்றே படிப்பார். அச்சகத்தில் பிழை என்று திருத்தியும் விடுவார்கள். தவிர, 'எல்லி' என்றால் இரவு அல்லவா? தேவாரத்தில் 'எல்லியும் பகலும்' என்று வருகிறதே.

மதுரையிலிருந்து

எல்லிக்குப் பகல் என்றும் பொருள் உண்டு, தம்பி. அதைத் தனி மடலில் விரிவாக எழுதுகிறேன். புரியாது என்று விட்டுவிட்டால் எந்தச் சொல்தான் புழக்கத்துக்கு வரும்?

யாழ்ப்பாணத்திலிருந்து

நீங்கள் ஒளிச்சேர்க்கை என்பதை நாங்கள் ஒளித்தொகுப்பு என்கிறோம். 'பீரியட்' வரும் இடங்களில் எங்கள் பாடநூல்கள் ஆவர்த்தனத்தைப் பயன்படுத்துகின்றன; உங்கள் தனிம வரிசை அட்டவணை இங்கே ஆவர்த்தன அட்டவணை. 'ஒளி ஆவர்த்தனம்' என்று வைத்தால் இரு கரைக்கும் பொதுவாக இருக்குமே.

கையேட்டில் இதையும் சேருங்கள். கிரிப்டோகோரைன் வென்ட்டி இலங்கைக்கே உரிய செடி. காட்டு ஓடைகளில் மர நிழலில் வளர்வது. அதற்குக் கடும் வெளிச்சம் தேவையில்லை.

கோவையிலிருந்து

செடிக் குறிப்புக்கு நன்றி ஐயா, கட்டாயம் சேர வேண்டியது. ஆவர்த்தனத்தில் எனக்கு உள்ள தயக்கம் அது வடசொல் என்பதால் இல்லை. ஆதி தாளத்தில் எட்டு எண்ணிக்கை முடிந்து சமத்துக்கு, அதாவது தொடங்கிய இடத்துக்கு, திரும்பினால்தான் ஓர் ஆவர்த்தனம். அப்படிப் பார்த்தால் 24 மணி நேரமும் சேர்ந்ததே ஆவர்த்தனம். விளக்கு எரிவது அதில் ஒரு பகுதி மட்டும்.

எளிதாக 'விளக்கு நேரம்' என்று வைக்கலாமே என்று ஒருவர் தனியாகக் கேட்டார். விளக்கு வைக்கிற நேரம் என்றால் நம் ஊரில் அந்திப்பொழுது. ஆறு மணிக்கு விளக்கைப் போடச் சொல்வதாக நினைப்பார்கள்.

என் முன்மொழிவு: எத்தனை மணி நேரம் என்பதற்கு 'ஒளிநேரம்'. எப்போது எரிந்து எப்போது அணைகிறது என்பதற்கு 'ஒளி அட்டவணை'. கையேட்டில் இப்படி வரும்: "ஒளிநேரம்: 8 மணி நேரம். ஒளி அட்டவணை: பிற்பகல் 2 முதல் இரவு 10 வரை." வேலைக்குப் போய் வருபவர் மாலையில்தான் தொட்டியைப் பார்ப்பார். அவர் அட்டவணையைத் தள்ளி வைக்கலாம், ஒளிநேரத்தை நீட்டக் கூடாது. இரண்டுக்கும் ஒரே சொல் இருந்தால் இதைச் சொல்லவே முடியாது.

சென்னையிலிருந்து

சரி, இதுவரை ஒளிநேரத்துக்கு ஐந்து பேர், ஒளிக்காலத்துக்கு இருவர், எற்பொழுதுக்கு ஒருவர். ஒளிநேரத்தோடு அச்சுக்கு அனுப்புகிறேன்.

இன்னொன்று மிச்சம். செடித்தொட்டி பற்றி நூல் எழுதிய டயானா வால்ஸ்டட் சொல்லும் முறையில், கரியமில வாயு செலுத்தாத தொட்டிக்கு நடுப்பகலில் சில மணி நேரம் விளக்கை அணைத்து வைப்பார்கள். அதற்குள் தண்ணீரில் வாயு மீண்டும் சேரும் என்பது காரணம். அந்த இடைவெளிக்கு 'இடையிருள்' என்று எழுதியிருக்கிறேன். மறுப்பு உண்டா?

திருச்சியிலிருந்து

இடையிருள் நன்று. ஒளிநேரத்தை நான் ஏற்கவில்லை. என் வகுப்பில் ஒளிக்காலம்தான். கையேட்டின் கடைசிப் பக்கத்தில் "பாடநூலில் ஒளிக்காலம்" என்று ஒரு வரியாவது போடுங்கள் தம்பி.

மதுரையிலிருந்து

போடும்போது எற்பொழுதையும் அந்த வரியிலேயே சேர்த்துவிடுங்கள். இடையிருள் பற்றி நாளை எழுதுகிறேன். 'இருள்' அங்கே பொருந்தாது: விளக்கு அணைந்தாலும் பட்டப்பகலில் அறை வெளிச்சம் இருக்குமே.